மினி காரின் மூச்சுவழி

1959இல் பிரிட்டனில் வந்த மினி காரை வீட்டு ஷெட்டிலேயே வேகமாக்க முனைந்தவர்கள் சிலிண்டர் ஹெட்டில்தான் கைவைத்தார்கள். ஏன்?

நிமிடத்துக்கு 6000 சுற்றில், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க ஒரு நொடியில் 200இல் ஒரு பங்கு நேரமே கிடைக்கிறது. அதற்குள் சிலிண்டர் நிரம்ப வேண்டும். மினியின் ஹெட்டிலோ நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று நுழைய இரண்டே வழிகள். காற்றுக்கும் எடை உண்டு. ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பாது. வால்வை நோக்கி வளையும் இடத்தில் உள்வளைவு கூர்மையாக இருந்தால், சுவரை விட்டு விலகிச் சுழல்கிறது. அந்தச் சுழல், பாதையின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்கிறது.

ஆகவே பலன் அதிகம் கிடைப்பது வால்வு சீட்டை ஒட்டிய சில மில்லிமீட்டரில்தான். டை கிரைண்டரில் கார்பைடு பர் மாட்டி, வார்ப்பில் தங்கிய பிசிறையும் சீட்டுக்கு அடியிலுள்ள படியையும் தேய்த்தெடுத்து, உள்வளைவை மெல்ல உருட்ட வேண்டும். பர் வழுக்கிச் சீட்டில் பட்டால் அதைத் திரும்ப வெட்ட வேண்டியதுதான். சுவருக்கு அப்பால் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஆழமாகத் தோண்டினால் ஹெட்டே வீண். கண்ணுக்குக் கவசம் இல்லாமல் தொடவே கூடாது, இரும்புத்துகள் தெறிக்கும்.

இந்த வேலைக்குப் போர்ட்டிங் என்று பெயர். துளையைப் பெரிதாக்குவதே போர்ட்டிங் என்று நினைப்பது பெரிய தவறு. அகலம் கூடினால் காற்றின் வேகம் தணியும். குறைந்த சுற்றில் வண்டி இழுக்காது.

இந்த ஹெட்டின் இதய வடிவ எரி அறை, காற்றோட்டத்தை அளந்தே ஹெட்டுகளை வடிவமைத்த ஹாரி வெஸ்லேக்கின் கைவண்ணம். வீட்டிலும் அளவு முக்கியம்: ஒவ்வொரு அறையிலும் பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு, நான்கின் கொள்ளளவும் ஒத்துவரும்வரை தேய்ப்பார்கள்.