உதவியை வெட்டும் சட்டம்

பிளேன்டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவியை டிரம்ப் ஒரே கையெழுத்தில் நிறுத்திவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். சட்டப்படி முடியாது.

அங்கே பணம் ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அவர்களுடைய பாராளுமன்றம். ஒதுக்கியதைச் செலவழிக்காமல் ஜனாதிபதி தன் இஷ்டத்துக்கு முடக்கி வைக்கக் கூடாது என்று 1974இல் ஒரு சட்டம் செய்தார்கள். வேண்டாமென்றால் காங்கிரசிடமே போய்க் கேட்க வேண்டும்; 45 நாளுக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் பணத்தை விட வேண்டும். தீபாவளி அட்வான்ஸ் தருவதாகத் தோட்டத்தில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, காசு கைக்கு வருமுன் அதைக் கிழிக்க ஒட்டியவரிடமே அனுமதி கேட்பது மாதிரி.

2025 ஜூனில் டிரம்ப் அப்படிக் கேட்டார். ஜூலையில் செனட்டில் 51க்கு 48, கீழ்ச்சபையில் 216க்கு 213 என்று மயிரிழையில் நிறைவேறியது. 24ஆம் திகதி கையெழுத்து. ரத்தான தொகை சுமார் 900 கோடி டொலர். அதில் ஏறக்குறைய 800 கோடி வெளிநாட்டு உதவி, மிச்சம் பொது ஒலி, ஒளிபரப்புக்கானது. எச்.ஐ.வி. திட்டத்தின் 40 கோடியை மட்டும் செனட் காப்பாற்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான வேலைகள் டிரம்பின் ஜனவரி 20ஆம் திகதி உத்தரவோடே நின்றுபோயிருந்தன. ஜூலை 1இல் அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் கடையையே சாத்தியாகிவிட்டது. சட்டம் பின்னால்தான் வந்தது.

இலங்கைக்கு இந்த அடி புதிதல்ல. 1962இல் அமெரிக்கா தன் உதவிச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தது. ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டரின் கைவேலை. அமெரிக்கக் கம்பனிகளின் சொத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்குள் நட்டஈட்டுக்கு வழி செய்யாத நாட்டுக்கு உதவி கிடையாது. அப்போது சிறிமாவோ அரசாங்கம் எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் பெற்றோல் ஷெட்டுகளைச் சுவீகரித்திருந்தது. 1963 பெப்ரவரியில் உதவி நின்றது. அந்தத் திருத்தத்தில் முதலில் மாட்டிய நாடு நாம்தான். 1965இல் டட்லி அரசாங்கம் வந்து நட்டஈட்டைப் பேசி முடித்த பிறகே திரும்பக் கிடைத்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லை. நாட்டுக்கு வந்த உதவியில் அவர்கள் பங்கு என்ன என்று கேட்கவும் ஆளில்லை.

பிறகு அமெரிக்க உதவி லயத்துக்குள் வந்தது, திரிபோஷா என்ற சத்துமாவாக. 1973இல் யூஎஸ்எய்டும் கெயார் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. ஆரம்பத்தில் அமெரிக்காவிலிருந்தே வந்த மா. பின்னால் நம் ஊர்ச் சோளமும் சோயாவும் கலந்தார்கள். அமெரிக்க நன்கொடை குறைந்து நின்றபோது அரசாங்கம் தன் செலவில் ஏற்றது. அதனால்தான் இன்றும் கர்ப்பிணிப் பெண் கிளினிக்கில் மிட்வைப் அம்மாவிடம் அட்டையைக் காட்டி 750 கிராம் பக்கற்றை வாங்கிப் போகிறாள். வீட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் பக்கற் பாதி மூத்த பிள்ளைகளுக்கே போய்விடும், அது வேறு விஷயம். 2025இல் வாஷிங்டனில் கிழித்த நோட்டீஸ் அந்தப் பக்கற்றைத் தொடவில்லை.

அதைத் தொட்டது கொழும்பு. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். சோள விளைச்சல் விழுந்தது. டொலரும் இல்லாததால் இறக்குமதிக்கும் வழியில்லை. 2022இல் திரிபோஷாவுக்குத் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பது நின்றது. இத்தனைக்கும் சோளம் தூரத்தில் இல்லை. ஹல்துமுல்லைப் பக்கம் பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாகக் கீழே இறங்கினால் வெல்லவாய; சோளம் விளைகிற மொனராகலை மாவட்டம். அவ்வளவு பக்கம்.

அமெரிக்க செனட்டரிடம் ஹல்துமுல்லைத் தாய் ஒன்றும் கேட்க முடியாது. நம் வரவு செலவுத் திட்டத்தில் திரிபோஷாவுக்கு எவ்வளவு என்று பதுளை மாவட்ட எம்.பி.யிடம் கேட்கலாம். ஒழுங்கான பதில் வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.