மூன்று நாட்களில் நால்வகைப் பேரிடர்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ஆம் நாள் வெள்ளிக்கிழமை முதல் 16-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நால்வகைப் பேரிடர்கள் ஒருசேர நிகழ்ந்தன. கான்சாஸ், டெக்சாஸ் மாநிலங்களில் புழுதிப் புயல் வீசியது. ஓக்லஹோமாவில் புல்வெளிகள் தீப்பற்றி எரிந்தன. மிசௌரி, ஆர்க்கன்சாஸ், மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களைச் சுழற்காற்றுகள் தாக்கின. வடக்கே மினசோட்டாவில் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்றுக்கொன்று மாறான இவை ஒரே சமயத்தில் எவ்வாறு வந்தன? மண்ணை நம்பி வாழும் உழவர்கள் இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? இவற்றை இங்குக் காண்போம்.

காரணம் ஒன்றே

நாட்டின் நடுப்பகுதியில் உருவான வலுவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே இவையனைத்திற்கும் காரணமாகும். பூமியின் வட பாதியில் இத்தகைய மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். ஆதலால் அதன் கிழக்குப் பக்கத்தில் மெக்சிகோ வளைகுடாவின் வெப்பமான ஈரக்காற்று தெற்கிலிருந்து ஏறி வந்தது. தென்மேற்கில் பாலைநில மேடுகளின் வறண்ட காற்று புகுந்தது. வடமேற்கில் கனடாவின் குளிர்காற்று இறங்கியது.

அந்நாட்டின் ராக்கி, அப்பலேச்சியன் மலைத்தொடர்கள் இரண்டும் வடக்குத் தெற்காக அமைந்தவை. வடக்கத்திய குளிரைத் தடுக்க நமது இமயமலையைப் போன்ற அரண் அங்கில்லை. மேலும், வசந்த காலத்தில் தெற்கே வெப்பம் தொடங்கிவிடும். வடக்கே குளிர் இன்னும் நீங்கியிராது. ஆகவே இருவகைக் காற்றும் மோதுவதற்கு இப்பருவம் மிகவும் ஏதுவாகிறது.

இடத்துக்கு இடம் வேறுபாடு

கிழக்கே ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகங்களாயிற்று. தரையருகே தெற்கிலிருந்தும், உயரே மேற்கிலிருந்து மிகுந்த வேகத்துடனும் காற்று வீசியதால் அம்மேகங்கள் சுழலத் தொடங்கின. அவற்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள் தோன்றின. ஆர்க்கன்சாஸில் வீசிய இரண்டின் வேகம் மணிக்கு 267 கி.மீ.க்கும் அதிகமெனக் கணிக்கப்பட்டது. வடக்கே அதே ஈரம் குளிர்காற்றின் மேல் ஏறிப் பனியாகப் பெய்தது.

தென்மேற்கில் ஈரம் இல்லை. காற்று மட்டுமே இருந்தது. ஓக்லஹோமாவில் குளிர்காலத்தில் காய்ந்த புல் இன்னும் துளிர்க்காத நேரம். அங்கு 130-க்கும் மேற்பட்ட இடங்களில் தீ மூண்டு, சுமார் 1,70,000 ஏக்கர் நிலம் எரிந்தது. கான்சாஸில் குட்லாண்ட் ஊருக்கு அருகே புழுதி கண்ணை மறைத்ததால் நெடுஞ்சாலையில் சுமார் 70 வாகனங்கள் மோதிக் கொண்டன. 8 பேர் இறந்தனர்.

மண்ணைக் காப்பது எப்படி?

காற்றை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால் அது மண்ணை வாரிச் செல்வதைக் குறைக்க இயலும். 1930-களில் இதே சமவெளியில் புல்தரையை உழுது கோதுமை விதைத்திருந்த நிலங்கள், வறட்சியின்போது மூடாக்கின்றிக் கிடந்தன. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புழுதிப் புயலில் பகல் இரவாயிற்று. அந்நாள் 'கரிய ஞாயிறு' எனப்படுகிறது. அதே மாதம் 27-ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வடக்கு டகோட்டா முதல் டெக்சாஸ் வரை 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்கள் காற்றுத் தடுப்பாக நடப்பட்டன.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அது அரிக்கும் மண்ணின் அளவு ஏறக்குறைய எட்டு மடங்காகும். மணல் தரையில் குதித்துச் செல்லும். அது மோதி எழுப்பும் நுண்துகள்களே வெகுதூரம் பறந்து போகும். பயிர் உணவும் மக்கும் அத்துகள்களில்தான் மிகுதி. ஆகவே புழுதியாகப் பறப்பது நிலத்தின் வளமே எனலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமது பழமொழி. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் உள்ள தேரி மணல் மேடுகள், தென்மேற்குப் பருவக்காற்று மணலை வாரிக் குவிப்பதைக் காட்டுகின்றன. எனவே காற்று மிகுந்த பகுதி உழவர்கள் கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

1. அறுவடைக்குப் பின் தாளை எரிக்காமலும் பிடுங்காமலும் நிலத்திலேயே விடவும்.

2. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக உழவும். புழுதிபட உழ வேண்டாம். கட்டிகள் இருப்பது நல்லது.

3. ஈரம் கிடைக்கும்போது கொள்ளு போன்ற படரும் பயிரை விதைத்து நிலத்தை மூடவும்.

4. காற்று வரும் பக்கத்து வரப்பில் சவுக்கு, வேம்பு, பனை ஆகியவற்றை வரிசையாக நடவும். மரத்தின் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை அவை பாதுகாப்பளிக்கும்.

பெருங்காற்று வரும்போது செய்யத் தக்கது சிறிதே. ஆதலால் இவற்றை முன்கூட்டியே செய்து மேல்மண்ணைக் காத்துக் கொள்ளுங்கள்.