உங்களுக்குத் தெரியுமா? முடக்குவாத மருந்து யாருக்குப் பலிக்கும்?

முடக்குவாதம் தொடங்கியதும் பெரும்பாலோருக்கு முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் எடுக்கும் மருந்து. அது யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. மரபணுவைப் பார்த்தால் தெரியாதா? கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் நடத்திய 'மை-ஐரா' ஆய்வு மலாய், சீன, இந்திய நோயாளிகளிடம் மரபணு, புகைபிடித்தல் இரண்டையும் ஆராய்ந்தது. ஆனால் அது காட்டியது நோய் வரும் அபாயத்தை. மருந்து கேட்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு துப்பைச் சுவீடனின் 'ஐரா' ஆய்வு 2011இல் தந்தது: புகைப்போரிடம் இம்மருந்தின் பலன் குறைவு.

ஆகவே இன்று நம்பத்தக்க முன்னறிவிப்பு, சிகிச்சையின் முதல் மூன்று மாதங்கள்தான். அதுவரை காத்திருந்தால் மூட்டு அரிக்காதா என்று அஞ்சுவது நியாயமே. அதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டுதல் கெடு விதிக்கிறது: மூன்று மாதத்தில் முன்னேற்றமில்லை என்றாலோ, ஆறு மாதத்தில் இலக்கை எட்டவில்லை என்றாலோ சிகிச்சையை மாற்ற வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருப்பவர், வலி குறைந்துவிட்டதென்று அந்த மூன்றாம் மாதப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. வலி அடங்கிய பிறகும் உள்ளே அழற்சி தொடரலாம்.