உழவு இயந்திரத்தின் நீர்த் தொகுதியைக் கழுவிச் சுத்தஞ் செய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காலபோக நெற்செய்கை மழையை நம்பி நடைபெறுவது. மாரி மழை பெருகுமுன் நிலத்தை உழுது விதைப்பை முடித்துக்கொள்வது கமக்காரரின் வழக்கம். இக்குறுகிய காலத்தில் உழவு இயந்திரம் கொதித்து நின்றுவிடுமாயின், அதைத் திருத்தி எடுக்கும்வரை ஐப்பசி மழை காத்திருக்கமாட்டாது. விதைப்புப் பிந்தினால் இளம் பயிர் வெள்ளத்தில் அகப்படும். சில வயல்களில் அவ்வாண்டு விதைப்பே நடவாமற் போகும். இவ்வாறு நின்றுபோகும் இயந்திரங்கள் பலவற்றைத் திறந்து பார்த்தால், பழுது ஒரு நாளில் உண்டானதன்று என்பது தெரியவரும். இயந்திரத்தைக் குளிரச் செய்யும் நீரோடும் வழிகளிலே பல போகங்களாகக் கல்லும் துருவும் சேறும் சேர்ந்து வந்திருக்கும். இவற்றை முன்கூட்டியே கழுவி அகற்றும் முறையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கிணற்று நீர் கல்லாவது எவ்வாறு?

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாகும். 1950 ஆம் ஆண்டிலிருந்து 1990 ஆம் ஆண்டுவரை காங்கேசன்துறையில் சீமெந்து செய்வதற்கு அகழப்பட்டதும் இக்கல்லே. மழை நீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு நிலத்துள் இறங்கும்போது, இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்கின்றது. ஆகவே கிணற்றில் ஊறும் நீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பினும், சுண்ணாம்பு அதனுட் கரைந்தே இருக்கின்றது.

அந்நீரைச் சூடாக்கும்போது வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படியும். தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு தோன்றுவதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிவர். இயந்திரத்தினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. வெப்பம் மிகுந்த இடங்களாகிய சிலிண்டரின் சுற்றுப்புறத்திலும் அதன் தலைப்பகுதியிலுமே படிவு கூடுதலாகச் சேரும். சுண்ணாம்புப் படிவு இரும்பைப்போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. எனவே வெளியே நீர் நிறைந்திருக்க, உள்ளே இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறும். தலைப்பகுதி வளைவதும் வெடிப்பதும் இதனாலேயே.

கரையோரப் பகுதிகளிலும் தீவுகளிலும் உவர் நீரினால் வரும் கேடு இதனோடு சேரும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. குடாநாட்டின் நிலத்தடி நீர் பொதுவாக இத்தன்மையுடையது. கோடைக் கடைசியில் அளவுக்கு மீறி இறைக்கப்படும் கிணறுகளில் உவர்த்தன்மை ஏறுவதுண்டு. உப்பு, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அலுமினியத்தைச் சிறு சிறு துளைகளாக அரித்துவிடும்.

எந்த இயந்திரத்திற்கு இம்முறை வேண்டும்?

தோட்டங்களில் நீர் இறைப்பதற்குப் பயன்படும் சிறிய பம்பிகளிற் பல காற்றினாற் குளிர்வன. அவற்றிற்கு இம்முறை தேவையில்லை. வெளியேயுள்ள தகட்டு வரிகளிற் படிந்த தூசியை அகற்றினாற் போதும். நீரினாற் குளிரும் இயந்திரங்கள் இரு வகையின.

முதலாவது, நீர்த்தொட்டி மேலே திறந்திருக்கும் வகை. இரண்டு சக்கர உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும், தனித்து நிற்கும் டீசல் இயந்திரங்கள் சிலவற்றிலும் இதனைக் காணலாம். இங்கே நீர் கொதித்து ஆவியாவதனாலேயே இயந்திரம் குளிர்கின்றது. ஆவியாகச் செல்வது நீர் மாத்திரமே. சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். உதாரணமாக, லீற்றர் ஒன்றில் 300 மில்லிகிராம் சுண்ணாம்புள்ள நீரை நாளொன்றுக்கு 20 லீற்றர் வீதம் ஊற்றுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 6 கிராமும், 30 நாள் உழவில் 180 கிராமும் தொட்டிக்குட் சென்றுவிடும்.

இரண்டாவது, றேடியேற்றர் உள்ள வகை. நான்கு சக்கர உழவு இயந்திரங்களும், லொறிகளும், மோட்டார் கார்களும் இவ்வகையின. இதில் ஒரே நீர் சுற்றிச் சுற்றி ஓடுவதால் படிவு மெதுவாகவே சேரும். ஆயினும் ஒழுக்கு உள்ள இயந்திரத்திற்கு நாள்தோறும் கிணற்று நீரை ஊற்றி வந்தால் முதல் வகையின் நிலையே இதற்கும் வந்துவிடும். குடாநாட்டில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கும் இங்கு கூறப்படும் முறை பொருந்தும்.

கழுவவேண்டிய வேளையை அறிதல்

வழமையான பாரத்திலே இயந்திரம் முன்னிலும் விரைவாகச் சூடேறுதல், நீர் செந்நிறமாகவோ சேறாகவோ இருத்தல், மூடியின் உட்புறத்தில் வெண்படிவு காணப்படுதல், றேடியேற்றரின் ஒரு பகுதி சூடாயும் மறுபகுதி குளிர்ந்தும் இருத்தல் ஆகியன படிவு சேர்ந்தமைக்கு அறிகுறிகளாம்.

நீரின்மேல் எண்ணெய் மிதந்தாலோ, பால் கலந்த கோப்பி நிறத்தில் பசைபோன்ற அழுக்கு இருந்தாலோ, அது வேறு பழுதாகும். தலைப்பகுதியின் காஸ்கற் பழுதடைந்திருக்கலாம். இரும்பில் வெடிப்பு இருக்கலாம். எண்ணெய் குளிராக்கி உள்ள இயந்திரமாயின் அது ஒழுகலாம். இயந்திர எண்ணெயை அளக்கும் கோலையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். அதிலும் அவ்வித நிறங் காணப்பட்டால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. அதன்பின் இயந்திரத்தை ஒரு கணமும் இயக்கலாகாது. காரணத்தைத் திருத்தாமற் கழுவுவது, ஓட்டைப் பானையைக் கழுவி வைப்பதற்கு ஒப்பாகும்.

கழுவும் முறை

புழுதி உழவுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஆடி மாதத்திலே இவ்வேலையைச் செய்வது நன்று. பழுது ஏதும் வெளிப்பட்டால் அதைத் திருத்துவதற்கு அவகாசம் இருக்கும்.

1. நீரை இறக்குதல்: இயந்திரம் நன்றாக ஆறியபின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூடாயிருக்கும்போது திறந்தால் கொதிநீர் பாய்ந்து முகத்தை அவித்துவிடும். றேடியேற்றரின் அடியிலுள்ள குழாயோடு, இயந்திர உடலிலுள்ள குழாயையும் திறந்துவிடுக. பின்னது சேற்றினால் அடைபட்டிருப்பின் கம்பியினாற் குத்தி விடலாம். வெளிவரும் நீரை வாளியில் ஏந்தி அளந்துகொண்டால், மருந்தின் அளவைக் கணக்கிடுவது எளிதாகும்.

2. எதிர்த்திசையிற் கழுவுதல்: தெர்மோஸ்ரற் இருப்பின் அதனைக் கழற்றிவிட்டு, றப்பர்க் குழாய்களையும் கழற்றுக. றேடியேற்றரின் கீழ்வாயிலால் நீரைச் செலுத்தி மேல்வாயிலால் வெளியேறச் செய்க. நீர் வழமையாக ஓடும் திசைக்கு இது எதிரானதாகையால், துளைகளிற் செருகி நிற்கும் அழுக்குப் பின்னோக்கி வெளிவரும். இயந்திர உடலையும் தனியாக இவ்வாறே கழுவுக. பழைய றேடியேற்றர்களின் ஈயப் பற்றுக்கள் விட்டுப்போகக் கூடுமாதலால் நீரை மிகுந்த வேகத்துடன் செலுத்தலாகாது.

3. எண்ணெய் அகற்றுதல்: எண்ணெய் படிந்திருந்தால் அதை முதலில் அகற்றுதல் வேண்டும், எண்ணெய்ப் படலத்தைத் தாண்டிப் புளிப்பு மருந்து கல்லைச் சென்றடையாது. குழாய்களை மீண்டும் பூட்டி, 10 லீற்றர் நீருக்கு 250 கிராம் சலவைச் சோடா வீதம் சுடுநீரிற் கரைத்து நிரப்பி, இயந்திரத்தைப் பாரமின்றி அரை மணி நேரம் ஓடவிடுக. ஆறியபின் இறக்கி, நல்ல நீராற் கழுவுக. எண்ணெய்ப் படலம் மறையும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். அலுமினியப் பாகங்கள் உள்ள இயந்திரத்திற்குச் சலவைச் சோடா ஆகாது. அலுமினியத்திற்கு ஏற்றதெனக் குறிப்பிட்டு விற்கப்படும் கழுவு மருந்தையே உபயோகித்தல் வேண்டும். எண்ணெய்ப்பட்டு ஊதி மென்மையான றப்பர்க் குழாய்களை மாற்றிவிடுக.

4. கல்லைக் கரைத்தல்: தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான சித்திரிக் அமிலம் பொடியாக விற்கப்படுகின்றது. 10 லீற்றர் நீருக்கு 300 கிராம் வீதம் கரைத்து நிரப்புக. அமிலம் சுண்ணாம்பைத் தாக்கும்போது வாயு நுரைத்து எழும். ஆகவே மூடியை இறுக்கலாகாது. பாரமின்றி அரை மணி நேரம் ஓடவிட்டு, கை பொறுக்குஞ் சூட்டுக்கு ஆறியதும் இறக்குக. படிவு தடிப்பாக இருந்தால் மறுமுறையும் செய்யலாம். இரவு முழுவதும் உள்ளே விட்டுவைத்தால் அமிலம் உலோகத்தையும் அரிக்கும்.

5. அலசுதல்: வெளிவரும் நீர் தெளிவாகும்வரை பலமுறை அலசுக. அலுமினியம் இல்லாத இயந்திரமாயின், 10 லீற்றருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எஞ்சிய புளிப்பு முறியும். கடைசி அலசலை மழை நீரினாற் செய்தல் நன்று.

றேடியேற்றரின் வெளிப்புறத் தகடுகளுக்கிடையே வைக்கோற் துகளும் தூசியும் அடைந்திருக்கும். அவற்றையும் மென்மையான தூரிகையால் அகற்றுதல் அவசியம்.

செய்யத் தகாதவை

மலகூடங் கழுவும் உப்பமிலத்தையோ எரிசோடாவையோ இயந்திரத்தினுள் ஊற்றலாகாது. சலவைச் சோடாவையும் சித்திரிக் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கலாகாது. ஒன்றின் வலுவை மற்றது கெடுத்துவிடும். மருந்து கரைக்கும்போது கண்களையும் கைகளையும் காத்துக்கொள்ளல் வேண்டும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றுவதே யாவற்றிலும் பெருந்தவறாம். சூடான இரும்பு திடீரெனச் சுருங்கி வெடித்துவிடும்.

கழுவியபின் புதிதாக ஒழுக்குத் தோன்றினால், கழுவியதைக் குறைகூற வேண்டியதில்லை. துரு தின்ற துளையைக் கல் அடைத்து வைத்திருந்தது. அது இப்போது வெளிப்பட்டுள்ளது. வயல் நடுவில் வெளிப்படுவதிலும் வீட்டு முற்றத்தில் வெளிப்படுவது மேலானது.

எதனை நிரப்புவது?

கழுவிய இயந்திரத்தில் மீண்டும் கிணற்று நீரை ஊற்றினால், செய்த வேலை வீணாகும். றேடியேற்றர் உள்ள இயந்திரத்திற்கு, துருப்பிடியாமற் காக்கும் மருந்து சேர்ந்த கூலன்ற் என்னுந் திரவத்தை, கொள்கலனிற் குறித்த அளவுப்படி மழை நீருடனோ வடித்த நீருடனோ கலந்து நிரப்புதல் வேண்டும். தனி மழை நீர் கல்லை உண்டாக்காதெனினும் துருவைத் தடுக்காது. தொட்டி திறந்த இயந்திரத்திற்குக் கூலன்ற் பயன்படாது; அதற்கு மழை நீரே ஏற்றது.

ஆடியில் மழை நீருக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். முந்திய மாரியிலேயே சேகரித்து வைத்தல் வேண்டும். முதல் மழையிற் கூரை கழுவுப்பட்டபின், பீலியால் வரும் நீரைத் துணியில் வடித்து, மூடியுள்ள பீப்பாய்களில் நிழலில் வைத்தால் அடுத்த உழவுவரை இருக்கும்.

நிரப்பியபின் காற்று வெளியேற மூடியைத் திறந்தவாறு சிறிது நேரம் ஓடவிட்டு, குறைந்த அளவை நிரப்பி மூடுக. குமிழிகள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால் தலைப்பகுதியின் காஸ்கற்றைச் சோதிப்பித்தல் வேண்டும். தொட்டி திறந்த இயந்திரத்தைப் போகத்திற்கு ஒரு முறையும், கிணற்று நீரில் ஓடும் றேடியேற்றரை ஆண்டுக்கு ஒரு முறையும் கழுவுக. கூலன்றை அதன் கொள்கலனிற் குறித்த காலத்தில் மாற்றுக.

கழிவு நீர்

இறுதியாக ஒரு முக்கிய விடயம். கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. குடாநாட்டுக் கல் துவாரங்களும் வெடிப்புக்களும் நிறைந்தது. நிலத்தில் ஊற்றியது விரைவிற் கிணற்றைச் சென்றடையும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எவ்வளவு துன்பத்தை விளைத்தது என்பதைக் குடாநாட்டார் மறந்திருக்கமாட்டார். பெரிய ஆறுகள் இல்லாத இந்நிலத்தில் குடிப்பதற்கும் பயிருக்கும் கிணறே கதி. கூலன்ற் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாகையால் ஆடு, மாடு, நாய், குழந்தைகள் அணுகாதவாறு உடனே மூடிவிடல் வேண்டும். பழைய கூலன்றையும் எண்ணெய் கலந்த நீரையும் மூடியுள்ள கலங்களில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் திருத்தகத்திற் கொடுத்துவிடுக.

ஒரு நாள் உழைப்பும், சிறிதளவு சோடாவும், ஒரு பீப்பாய் மழை நீருமே இதற்கு வேண்டியவை. சந்தேகம் ஏற்படுமிடத்து அப்பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக. ஆடியிற் கழுவிய இயந்திரம் புரட்டாதியில் வயலிற் கொதித்து நில்லாது.