ஏரிக்கரையே ஆய்வுகூடம்

தொண்டைமானாறு என்றதும் செல்வச்சந்நிதி முருகன் ஆலயமே நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் வடபகுதி மாணவருக்கோ இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுவே வெளிக்கள நிலையம். அந்நிலையத்தின் மாதிரிப் பரீட்சை வினாத்தாள்களோடு இராப்பகலாகப் போராடிய பிள்ளைகள் நம் பல வீடுகளிலும் உளர்.

ஆயினும் அந்தப் பெயரைச் சற்றே சிந்திப்போம். நான்கு சுவர்களுக்கு வெளியே விரிந்து கிடக்கும் களம் என்பதன்றோ அதன் பொருள்? இங்கிலாந்தில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 இலேயே வெளிக்களக் கல்விக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. 1946 இல் பிளாட்போர்ட் என்னும் ஆற்றங்கரை ஊரிலிருந்த பழைய நீராலையொன்று, மாணவர் தங்கிக் கற்கும் அதன் முதல் நிலையமாயிற்று. நமக்கோ அத்தகைய களம் வீட்டு வாயிலிலேயே உள்ளது.

ஆறு என்று பெயரிருப்பினும் தொண்டைமானாறு ஆறன்று. வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு கலக்கும் வாயில் அது. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றுமதிக்காக அதனை ஆழப்படுத்தினான் என்பது கர்ணபரம்பரை. அன்று உப்புக்காகத் திறந்ததாகக் கூறப்படும் வாயிலில், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், உப்பைத் தடுக்கவென்றே அணை கட்டப்பட்டது. கடல்நீரைத் தடுத்து மாரிமழை நீரைத் தேக்கினால், காலப்போக்கில் ஏரியும் சூழவுள்ள கிணறுகளும் நன்னீராகும் என்பதே நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டமும் இந்நோக்கத்தை விரித்ததேயாகும்.

இங்கே ஒரு விஞ்ஞான முகாம் நடைபெறுவதாக எண்ணிப் பாருங்கள். காலையில் மாணவர் கடல்வாயிலிலிருந்து உள்நோக்கி நடந்து, இடத்துக்கு இடம் போத்தல்களில் நீரெடுப்பர். அதில் அளந்த ஒரு பகுதிக்குப் பொற்றாசியம் குரோமேற்றுச் சேர்த்து, அளவியிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடுவர். மஞ்சள் நிறம் செங்கல் நிறமாகும் கணத்தில் உப்பின் அளவு தெரிந்துவிடும். மாரியில் ஏன் குறைகிறது? கோடையில் ஏன் ஏறுகிறது? வெண்கண்டல் இலையை நாவில் வைத்தால் ஏன் உவர்க்கிறது? சேற்றிலிருந்து ஊசிகள்போல் மேலெழும் வேர்கள் எதற்காக? ஒரே கரையில் இரசாயனமும் தாவரவியலும் கைகோத்து நிற்கின்றன.

இது வெறும் பொழுதுபோக்கன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறைக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரே நம் குடிநீர். கிணற்று நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி வரை மேலெழக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கை அறிந்தவன் கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரத்தை எண்ணாமல் ஓடவிடுவானா?

கிராமத்து மாணவன் வெறுங்கையோடு முகாமுக்கு வருவதில்லை. எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பதைத் தோட்டக்காரர் மகன் அறிவான். ஏரியில் இறால் எப்போது படும் என்பதை மீனவர் மகள் அறிவாள். இவையெல்லாம் விஞ்ஞானத்தின் தொடக்கமே என்பதை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை, அதுவே குறை. 1974 இல் வளாகமாகத் தொடங்கி, 1979 முதல் தனித்து இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் போன்ற கல்விக்கூடங்கள் அதனைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, அளவியையும் நுணுக்குக்காட்டியையும் அவர்கள் கையிலேயே கொடுக்கவேண்டும். ஒரு சொற்பொழிவு, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம் என்று முடியும் முகாமால் யாருக்கு என்ன பயன்? மாணவர் கண்ட முடிவுகள் அவர்தம் ஊர்க் கிணற்றடிக்கே திரும்பிச் செல்லவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இரண்டு நாள் ரியூஷன் தவறுமே", "பெண்பிள்ளையை எப்படித் தங்கவிடுவது" என்று தயங்குவது இயல்பே. பாதுகாப்பைப் பற்றி ஆசிரியரிடம் தாராளமாகக் கேளுங்கள்; ஆசிரியைமார் உடன் தங்குவதை உறுதி செய்துகொள்ளுங்கள். தவறிய பாடத்தை மறுவாரம் படித்துக்கொள்ளலாம். தன் கையால் அளந்து கண்ட உண்மை பரீட்சை முடிந்த பின்னும் பிள்ளையோடு நிற்கும்.

முகாம் முடிந்து வரும் பிள்ளை, புத்தகப் பையை வைத்த கையோடு ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றால் தடுக்காதீர்கள். கூடவே சென்று, என்ன கண்டாய் என்று கேளுங்கள். அந்தக் கிணற்று நீரை நாளை குடிக்கப்போகிறவர்கள் அவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே அல்லவா?