பையில் இருந்த இன்னொரு பந்து

"என்னது, பந்து உருட்டப் போறீங்களா? இந்த வயசிலா மன்னி?" என்று ஊரிலிருந்து என் நாத்தனார் டெலிபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு அப்போது நான் சொல்ல முடியாமல் போன விஷயத்தை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே. பனி விழ ஆரம்பித்தால் மாதக் கணக்கில் வாசலில் கால் வைக்க யோசனையாக இருக்கும். வீட்டுக்குள்ளேயே இருந்து உடம்பு பருத்து, மூட்டு பிடித்துக்கொண்டு, மனசும் சோர்ந்து போயிருந்த 2021-ஆம் வருஷம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, "எங்க பௌலிங் லீக்ல ஒரு ஆள் குறையுது, வர்றியா?" என்று கேட்டார். என் கணவர், "போயிட்டு வாயேன், ராத்திரி சாதம் நான் வச்சுக்கறேன்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

லீக் என்றால் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் வாரம் ஒரு நாள். எங்களுக்குப் புதன்கிழமை ராத்திரி. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு குழு. எதிர்க் குழுவோடு பக்கத்துப் பக்கத்து லேன் இரண்டில், இதில் ஒரு தடவை அதில் ஒரு தடவை என்று மாறி மாறி உருட்ட வேண்டும். ராத்திரிக்கு 3 ஆட்டம். பெண்கள் சேர்ந்து ஆடுவது அங்கே இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1916-லேயே செயின்ட் லூயிஸ் நகரத்தில் 40 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு தேசிய சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2005-ல்தான் அது ஆண்கள் சங்கத்தோடு ஒன்றாகச் சேர்ந்தது.

எங்கள் குழுத் தலைவிக்கு 72 வயது. அங்கே எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'மேம்' என்பேன். அவர் என்னை 'ஹனி' என்பார்.

இப்போது பந்து விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பந்தை வைத்துக்கொண்டு கடைசி வரை உருட்டினால் போதாதா, எதற்கு இரண்டு மூன்று என்று நானும்தான் கேட்டேன். காரணம், எண்ணெய். லேன் என்பது கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி நீளம், மூன்றரை அடி அகலம். அதில் முதல் 40 அடி சுமாருக்கு மிஷின் வைத்து எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. லீக் நடக்கும் லேன்களில் சாதாரணமாக நடுவில் கனமாகவும் ஓரத்தில் லேசாகவும் இருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போய், எண்ணெய் முடிந்த இடத்தில் பிடிமானம் கிடைத்துத் திரும்பி, முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே போய் இடிக்கும். அதுதான் பத்துக் கட்டையும் சாயும் இடம்.

ஆனால் இந்த எண்ணெய் அப்படியே இருக்குமா? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தோசைக்கு இருந்த எண்ணெய் பத்தாவது தோசைக்கு இருக்கிறதா? எட்டுப் பேர் 3 ஆட்டம் உருட்டினால் ஒரு லேனில் முதல் பந்து மட்டுமே 120 தடவை போகிறது. மிச்சக் கட்டைகளுக்குப் போடுவது தனி. இப்போதைய பந்துகளின் மேல் தோல் ரெசின் என்ற பொருள். 1990-களின் ஆரம்பத்தில் வந்தது. அது போகிற வழியெல்லாம் எண்ணெயைக் குடித்துக்கொண்டே போகும். நாம் உருட்டும் வழி மட்டும் காய்ந்து போகும். முதல் ஆட்டத்தில் அழகாகத் திரும்பிய பந்து மூன்றாவது ஆட்டத்தில் பாதி வழியிலேயே திரும்ப ஆரம்பிக்கும்.

என் முதல் பந்து, என் மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. கத்தரிப்பூ நிறம், 12 பவுண்டு. மேல்பக்கம் சொரசொரப்பாக, மினுமினுப்பில்லாமல் இருக்கும். அப்படிப்பட்ட பந்துக்குப் பிடிமானம் அதிகம். எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதுதான் கெட்டிக்காரி. தலைவி சொன்னார் என்பதற்காக வழவழவென்று கண்ணாடி மாதிரி மின்னும் இன்னொரு பந்தும் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அதுவும் 12 பவுண்டுதான். அதை எடுக்கவே எனக்கு மனசு வராது. பெண் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, கடையில் தள்ளுபடியில் வாங்கியதைக் கையில் எடுப்பதா?

2024 ஏப்ரலில் சீசனின் கடைசி ராத்திரி. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, மொத்தத்துக்கு ஒரு புள்ளி, ஆக 4 புள்ளி. 2 கிடைத்தால் எங்களுக்கு முதலிடம். பரிசு பெரிதில்லை. ஆனால் தலைவிக்கு அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். அதற்குப் பிறகு ஆடுவாரோ மாட்டாரோ. ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவர் வாய் விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

முதல் ஆட்டம் 20 பின் வித்தியாசத்தில் எங்களுக்கு. நான் 161. இரண்டாவது 11 பின்னில் போய்விட்டது. மூன்றாவதில் ஆரம்பத்திலேயே என் பந்து சரியான இடத்தில் இடித்தும் 10-ஆம் கட்டை நின்றது. அடுத்த முறை நட்டநடுவில் 5-ஆம் கட்டை. கட்டைகள் சடசடவென்று சிதறாமல், தூங்கி விழுகிற மாதிரி மெதுவாகச் சாய்ந்தன. "ஹனி, அந்தப் பளபளப்பு பந்தை எடுத்துப் பாரேன்" என்றார் தலைவி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். மறுபடியும் 5. நான் பந்தை மாற்றவில்லை. 113-ல் முடித்தேன். என் சராசரி 146. மூன்றாவது ஆட்டம் 14 பின்னில் போனது. மொத்தத்தில் 5 பின்னில் தோற்றோம். 5! நான் வழக்கமாக எடுப்பதை எடுத்திருந்தாலே இரண்டு புள்ளியும் வந்திருக்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஷூவைக் கழற்றியபடி, "ஏன் காத்துக்கிட்டிருந்தே?" என்று மட்டும் கேட்டார். பெண் வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். தட்டிக் கொடுத்தார். எனக்குத்தான் காரில் அழுகை வந்தது. என் கணவர் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த சீசன் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள், வேடிக்கை! ஒரு கட்டை நின்றால் பந்தை மாற்று, இரண்டு நின்றால் திரும்ப மாற்று. ஒரு ஆட்டத்தில் நாலு தடவை மாற்றி 97 எடுத்தேன். எந்தப் பந்து எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். எந்த லேன், எத்தனையாவது ஆட்டம், எந்தக் கட்டை நின்றது, நான் ஒழுங்காக விட்டேனா இல்லையா, அவ்வளவுதான். ஒரு வருஷம் எழுதிய பிறகு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். நான் வலது கைக்காரி. இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் என்னையே சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் கட்டை விரல் வீங்கிவிடும். ஓட்டையில் பிடித்துக்கொண்டு தாமதமாக வெளியே வரும். அதற்குப் பந்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, உள்ளே ஒட்டியிருக்கும் டேப்பில் ஒன்றைப் பிய்த்தால் போதும். விரல் சுருங்கித் தொளதொளவென்று இருந்தால் ஒன்று ஒட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் இறுக்கிப் பிடித்து உருட்டித்தான் எனக்கு மணிக்கட்டில் வலி வந்தது. இன்னொன்று, அசதி. கால் தளர்ந்தால் பந்தின் வேகம் குறையும். வேகம் குறைந்தாலும் பந்து சீக்கிரம் திரும்பும். ராத்திரி உருட்டப் போகிற அன்று பகலில் துணி அலசி, வீடு பெருக்கி என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் நன்றாகத்தான் விட்டேன், ஆனாலும் பந்து இடது பக்கம் தாண்டிப் போகிறது என்றால் முதலில் காலை நகர்த்த வேண்டும். லேனில் பக்கம் பக்கமாக 39 பலகைக் கோடுகள் உண்டு. நிற்கும் இடத்தை இரண்டு பலகை இடது பக்கமும், பார்க்கும் இடத்தை ஒரு பலகை இடது பக்கமும் மாற்றினால் இன்னும் எண்ணெய் இருக்கிற வழி கிடைக்கும். தோசை ஒட்டினால் முதலில் அடுப்பைத்தானே குறைக்கிறோம்? எடுத்த எடுப்பில் மாவைக் கொட்டுவதில்லையே!

காலை நகர்த்தியும், பந்து சரியான இடத்தில் போய் இடித்தும், கட்டைகள் சோம்பலாக விழுந்தால், அதாவது 5 நின்றால், அல்லது 10 நின்று அதன் பக்கத்துக் கட்டை அதைத் தொடாமல் நழுவி விழுந்தால், அப்போதுதான் பந்தை மாற்ற வேண்டிய வேளை. பந்து தன் பலத்தை வழியிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேருகிறது என்று அர்த்தம். எண்ணெய் குறைந்த இடத்திலும் வழுக்கிக்கொண்டு தூரம் போகிற மினுமினுப்புப் பந்து வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஆரம்பத்திலேயே பந்து திரும்பாமல் வலது பக்கமே ஓடினால் சொரசொரப்புப் பந்துக்குப் போக வேண்டும். இரண்டு தடவை நல்லபடியாக விட்டும் ஒரே மாதிரி நடந்தால் மூன்றாவதற்குக் காத்திருப்பதில்லை. ஒரு தடவை நடந்ததற்காக மாற்றுவதும் இல்லை.

இரண்டு லேனும் அக்கா தங்கை மாதிரி. ஒரே சாயல், குணம் வேறு. இடது லேனில் காய்ந்து போயிருக்கும், வலது லேனில் இன்னும் இருக்கும். ஒன்றில் மட்டும் பந்தை மாற்றலாம், தப்பே இல்லை. ஆட்டத்துக்கு முன் பழகிக்கொள்ளக் கொடுக்கும் நேரத்தில் இரண்டு பந்தையும் இரண்டு லேனிலும் ஒரு தடவையாவது உருட்டிப் பார்த்துவிட வேண்டும். மிச்சம் நிற்கும் ஓரக் கட்டைக்கு மட்டும் நான் எப்போதும் சாதாரண பிளாஸ்டிக் பந்துதான் எடுப்பேன். அது எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட நேராகவே போகும்.

போன வருஷம், 2025-ல் ஒரு புதன்கிழமை. இரண்டாவது ஆட்டம் பாதியில் அதே 5-ஆம் கட்டை நின்றது, அடுத்த முறையும் நின்றது. பையைத் திறந்து மினுமினுப்புப் பந்தை எடுத்தேன். கை நடுங்கியது, நிஜமாக. முதல் உருட்டிலேயே பத்தும் சாய்ந்தது. பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு கைத்தட்டல். ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார் எங்கள் பழைய தலைவி. அந்த ஆட்டம் 172.

வீட்டுக்கு வந்ததும் மகளிடமிருந்து போன். "என் பந்து என்னாச்சும்மா?" என்றாள்.

"முதல் ஆட்டம் எப்பவும் உன்னுதுதான்டீ" என்றேன்.

அவளோடு பேசிக்கொண்டே பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடக்கும்போது சங்க விதிப்படி உலர்ந்த துணியால்தான் துடைக்கலாம், 2019-லிருந்து திரவம் எதுவும் கூடாது. முடிந்த பிறகு மட்டும் அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்து, பந்தின் சூடு ஆறுவதற்குள் அழுத்தித் துடைத்துவிடுவேன். விட்டுவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலையில் எவ்வளவு தேய்த்தாலும் வராது.