பன்முக உதவி தேவைப்படும் மாணவர்க்குக் கல்வி: பெங்களூரு காட்டும் வழிகள்

ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்பது நாட்டின் சட்டம். எனினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு நிலையைக் காட்டியது. நாட்டில் அப்போது 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். கர்நாடகத்தில் மட்டும் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாடு முழுவதிலும் மாற்றுத்திறனாளிகளுள் 5 முதல் 19 வயது வரை உள்ளோரில் 27 விழுக்காட்டினர் எந்தக் கல்விக்கூடத்திலும் காலடி வைத்ததில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோரைத் தனியே பிரித்துப் பார்த்தால், இது 54 விழுக்காடாக உயர்ந்தது.

இக்குழந்தைகளின் தேவை ஒற்றைத் தேவை அன்று. மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு உட்காருவதற்கும், எழுதுகோலைப் பிடிப்பதற்கும், பேசுவதற்கும் உதவி வேண்டியிருக்கலாம். அவனது அறிவாற்றலோ சிறிதும் குன்றாதிருக்கலாம். ஆட்டிசம் உடைய சிறுமி எழுத்துகளை எளிதில் அறிந்துகொண்டாலும், நாற்பது பேர் கூடிய வகுப்பின் இரைச்சலைத் தாங்க இயலாமல் போகலாம். ஓர் ஆசிரியரும் ஒரு கரும்பலகையும் இத்தகையோருக்குப் போதா. ஆகவே மாற்றுக் கல்வித் திட்டங்கள் தேவைப்படுகின்றன.

கொள்கையின் வளர்ச்சி

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை மத்திய அரசு 1974இல் தொடங்கியது. தொடக்கத்தில் சமூக நலத்துறையின் பொறுப்பில் இருந்த அது, 1982இல் கல்வித்துறைக்கு மாற்றப்பட்டது. குறைபாடு மிகாதோர் மற்றவர்களுடன் சேர்ந்து பயில வேண்டும் என்றும், கடுமையான குறைபாடுடையோருக்கு மாவட்டத் தலைநகரங்களில் விடுதியுடன் கூடிய சிறப்புப் பள்ளிகள் அமைய வேண்டும் என்றும் 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறியது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பன்முகக் குறைபாடும் கடுங்குறைபாடும் உடைய குழந்தைகள் விரும்பினால் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை வழங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்ததுடன், அருகமைப் பள்ளி, சிறப்புப் பள்ளி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அளித்தது. ஆக, தேர்வு செய்வது குழந்தையும் பெற்றோரும்; பள்ளி நிர்வாகம் அன்று. இது மறக்கலாகாத கருத்தாகும்.

பெங்களூரில் உருவான வழிகள்

இவ்வழிகள் பலவும் நடைமுறையில் இயங்குவதைப் பெங்களூரில் காணலாம். தாமே மாற்றுத்திறனாளியான என். எஸ். ஹேமா 1959இல் இந்நகரில் நிறுவிய மாற்றுத்திறனாளிகள் சங்கம், மற்றக் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமரும் 'சிரத்தாஞ்சலி' ஒருங்கிணைந்த பள்ளியை நடத்தியது. சிறப்புப் பள்ளிக்குள் பொதுக் குழந்தைகளை அழைத்து வருவது இதன் தனித்தன்மை. தோட்டக்கலைப் பயிற்சியையும் இச்சங்கம் அளித்து வந்துள்ளது. பள்ளிப் படிப்பு பிழைப்புக்கு வழிகாட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1980இல் தொடங்கப்பட்ட கர்நாடக ஸ்பாஸ்டிக் சங்கம் இந்திரா நகரில் இயங்குகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பன்முகக் குறைபாடு ஆகியவற்றை உடைய குழந்தைகளுக்குக் கல்வியும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கச் செய்வது இதன் முறை. பேச்சுமொழி வல்லுநர் டாக்டர் பிரதிபா கரந்த் உருவாக்கிய 'காம்டீல்' திட்டம், ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பள்ளி வயதிற்கு முன்னரே ஆயத்தப்படுத்துகிறது. 1974இல் இன்றைய வடிவம் பெற்ற தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், குறைபாட்டை மதிப்பிட்டுக் கண்டறியும் பணியில் துணை நிற்கிறது.

தனிநபர் கல்வித் திட்டம்

இம்முயற்சிகளுக்கு அடித்தளமாக விளங்குவது தனிநபர் கல்வித் திட்டம். சிறப்பாசிரியர், இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், பெற்றோர் ஆகியோர் கூடிக் குழந்தையால் இன்று என்ன இயலும் என்பதைப் பதிவு செய்கின்றனர். அடுத்த சில மாதங்களில் அடைய வேண்டிய சில இலக்குகளை அளவிடத்தக்க சொற்களில் எழுதுகின்றனர். 'பேச்சில் முன்னேற்றம்' என்று எழுதினால் போதாது. 'தண்ணீர், உணவு, கழிப்பறை ஆகிய மூன்று தேவைகளையும் படப்பலகையில் தொட்டுக் காட்டுவாள்' என்று எழுத வேண்டும். குறித்த நாளில் இலக்கு எட்டப்பட்டதா என்று மீளாய்வு செய்து, எட்டப்படாவிடில் முறையை மாற்ற வேண்டும். குழந்தையைக் குறை கூறலாகாது.

மொழியும் இங்குக் கவனத்திற்குரியது. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்கிறது. பேச்சே வாராத குழந்தைக்குப் படப்பலகை எம்மொழியில் அமைய வேண்டும் என்பதைத் தாயைக் கேளாமல் முடிவு செய்ய இயலாது. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு துணையாள் ஆகிய சலுகைகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

திறந்தநிலைப் பள்ளி

வழக்கமான தேர்வு முறைக்குள் அடங்காதோருக்குத் திறந்தநிலைப் பள்ளி மற்றொரு வழி. 1989இல் அமைக்கப்பட்டு, 2002இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நிறுவனத்தில் ஐந்து பாடங்களில் தேறினால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்கும். பாடங்களை ஒவ்வொன்றாக ஐந்து ஆண்டுகள் வரை முடிக்கலாம். ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்கார இயலாத மாணவனுக்கு இந்த அவகாசமே படிப்பைத் தொடர்வதா, கைவிடுவதா என்பதைத் தீர்மானித்து விடுகிறது.

வீட்டுக் கல்வி: உரிமையும் இடரும்

படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைக்கு வீட்டுக் கல்வி பெரும் உதவி. கர்நாடகத்தில் வட்டார அளவிலான உள்ளடங்கிய கல்வி ஆசிரியர்கள் இல்லம் சென்று பயிற்சி அளிக்கின்றனர். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் சிறப்புத் தேவையுடைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ. 3,500 வரை ஒதுக்க வகை செய்தது. ஆயினும், வீட்டுக்கு வரும் ஆசிரியர் வாரத்தின் பெரும்பகுதியில் அங்கு இருப்பதில்லை. எஞ்சிய நாட்களில் கற்பிப்பவள் தாயே. அவளுக்குப் பயிற்சி அளிக்காத வீட்டுக் கல்வி, வருகைப் பதிவேட்டில் மட்டுமே கல்வியாக இருக்கும்.

மற்றோர் இடரும் உண்டு. சாய்தளமோ தக்க கழிப்பறையோ இல்லாத பள்ளி, 'வீட்டுக் கல்வியே இவனுக்கு ஏற்றது' என்று கூறிவிட்டால், உரிமையாகத் தரப்பட்ட ஏற்பாடு வெளியேற்றத்திற்குக் கருவியாகிவிடுகிறது. குழந்தையின் இயலாமையா, பள்ளியின் இயலாமையா என்பதை அதிகாரிகள் பிரித்தறிதல் வேண்டும்.

ஆசிரியர் எண்ணிக்கையும் இதனுடன் இணைந்த சிக்கல். 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவை மாணவர்க்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் விகிதம் 2022இல் வரையறுக்கப்பட்டது. இவ்விகிதம் பள்ளிதோறும் நிறைவேறும் அளவிற்கே மேற்கூறிய வழிகள் பயன் தரும்.

செய்ய வேண்டுவன

மாற்றுக் கல்வி ஒரு முடிவிடம் அன்று, மேற்செல்லும் வழி. வீட்டில் பயிலும் ஒவ்வொரு குழந்தையின் கோப்பிலும் அடுத்த மீளாய்வு நாள், தாய்க்கு அளித்த பயிற்சி, குழந்தை பிற பிள்ளைகளைச் சந்திக்கும் வாய்ப்பு, பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்ல எஞ்சியுள்ள தடை ஆகிய நான்கும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பெங்களூரில் உள்ளவை போன்ற நிறுவனங்கள் அமையாத சிற்றூர்களிலும் இந்த நான்கு பதிவுகளைத் தொடங்கலாம். வட்டார ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்தால் போதும். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.